இறால் வடையில் ஒரு பட்ஜெட்!

தூத்துக்குடியில் ஒரு பையன் ராத்திரி எட்டு மணிக்கு, ‘அம்மா, நைட் கிளப் போயிட்டு வர்றேன்’ என்று சொன்னால் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். ‘அப்படியே எனக்கும் ரெண்டு பார்சல் வாங்கிட்டு வா... சால்னா தனியா கட்டச் சொல்லு’ என்றுதான் பதில் வரும். எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் புரோட்டாக் கடை. சாயங்காலம் சூடாகிற கல், கடை அடைக்கிற வரைக்கும் ஆறாது. டான்ஸ்கூட உண்டு. ஆடுவது மாஸ்டர் கையில் இருக்கும் மாவு!

இப்படி நாக்கை வளர்த்துவிட்ட ஊர்க்காரன் வெளிநாடு போனால் முதலில் எதைத் தேடுவான்? மியூசியத்தையா? கடை எங்கே, கல் எங்கே, புகை எங்கே என்றுதான் மூக்கு தேடும்.

2025 பிப்ரவரியில் ஒரு நண்பரின் கணக்கு வழக்கைப் பார்க்க மூன்று நாள் கொழும்பு போயிருந்தேன். பகலில் லெட்ஜர், சாயங்காலம் காலிமுகத்திடல். கடலோரப் புல்வெளியில் வரிசையாகத் தள்ளுவண்டிகள், பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது எல்.இ.டி. பல்பு, ஒவ்வொரு வண்டியிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரமாக அடுக்கிய இறால் வடை. 2022-ல் திவாலான ஒரு தேசத்தின் கதை முழுக்க அந்த வடைக்குள் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

சென்னையைவிடக் கிட்டே!

அதற்கு முன்னால் மேப்பை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள். சென்னையோ 500-க்கு மேல். எங்கள் ஊர்ப் பெரிசுகளுக்குக் கொழும்பு வெளிநாடே இல்லை. பக்கத்து டவுன்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் ரயில் ஏறி தூத்துக்குடியில் இறங்கி, கப்பலில் கொழும்பு போவதுதான் வழக்கம். 1914-ல் பாம்பன் பாலம் வந்தபிறகுதான் கூட்டம் தனுஷ்கோடி பக்கம் திரும்பியது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்பு ரூட்டை நம்பித்தான். வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது. இவர் குறைத்தார். அவர்கள் இன்னும் குறைத்தார்கள். கடைசியில், ‘சும்மாவே ஏத்திக்கிறோம், கூடவே ஒரு குடையும் தர்றோம்’ என்று கூப்பிட்டதாக எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். போட்டிக்காரனை ஒழிக்க நஷ்டத்துக்கு விற்பது என்று காமர்ஸ் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. எங்களுக்கு அதை வாத்தியார் நடத்த வேண்டியதே இல்லை. துறைமுகத்துக்குப் பெயரே வ.உ.சி. பெயர்தானே!

2011 ஜூனில் மறுபடி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் நின்றுபோனது. அதனால் நான் மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விமானம். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு ஆகிற நேரத்தைவிட மதுரையிலிருந்து கொழும்புக்கு ஆகிற நேரம் கம்மி. ஜன்னலோர சீட் கிடைத்து இட்லி ஆர்டர் செய்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள்.

நாட்டாமை... மூட்டையை மாத்து!

வடைக்குப் போகும் முன் புறக்கோட்டையை ஒரு ரவுண்டு வருவோம். வடைக்கு வேண்டிய சாமான் அங்கேதானே இறங்குகிறது?

புறக்கோட்டை என்பது கொழும்பின் பழைய பஜார். நம்ம சென்னை பாரிமுனை மாதிரி, தெருவுக்கு ஒரு சரக்கு. செட்டியார் தெருவில் தங்கம். நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு, வெங்காயம், மிளகாய், சர்க்கரை என்று மொத்த வியாபாரம். மாசிக் கருவாட்டு வாசனை வந்ததுமே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சம்பலில் மாசியை இடித்துப் போடுகிற பழக்கம் கொழும்பிலும் உண்டு. எங்கள் காயல்பட்டினத்திலும் உண்டு. கடல் நடுவில் இருந்தாலும் அம்மி ஒன்றுதான்!

அங்கே மூட்டை தூக்குகிறவருக்குப் பெயர் என்ன தெரியுமா? நாட்டாமி. நம்ம நாட்டாமைதான் கடல் தாண்டியதும் நாட்டாமி ஆகிவிட்டார். நம்ம ஊரில் நாட்டாமை சொம்பு வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். புறக்கோட்டையில் அவர் கைவண்டியில் அரை டன் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு, ‘ஒதுங்கு... ஒதுங்கு...’ என்று வருவார். தீர்ப்பை அங்கே மாற்றச் சொல்ல முடியாது. நாம்தான் ஒதுங்க வேண்டும்.

மூட்டைகளைச் சும்மா பார்த்துக்கொண்டே நடந்தேன். வெங்காய மூட்டை இந்தியா. பருப்பு மூட்டை ஆஸ்திரேலியா. அடுத்த கடையில் கனடா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தேவைப்படும்.

கவர்னர் போட்ட பாதை

காலிமுகத்திடலில் கடலோர நடைபாதை போட்டவர் சர் ஹென்றி வார்டு என்ற பிரிட்டிஷ் கவர்னர். 1859-ல் வேலை முடிந்தது. கொழும்புப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்க இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று, பின்னால் வரும் கவர்னர்களுக்குக் கல்வெட்டில் எழுதி வைத்தார். காற்று இன்னும் வருகிறது. கூடவே எண்ணெய் வாசனையும் வருகிறது. இதைக் கவர்னர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஒரு பக்கம் பழைய பார்லிமெண்ட் கட்டிடம். இன்னொரு பக்கம் 1864-லிருந்து இருக்கும் காலிமுக ஹோட்டல். நடுவே பட்டம் விடும் பையன்கள், குடைக்குள் ஒதுங்கிய காதலர்கள் (மழை இல்லை சார், குடை மட்டும்!), அலையில் கால் நனைக்கும் ஆபீஸ் கூட்டம். இருட்டத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே திசையில் நகர்கிறார்கள். வடைத் திசை.

போகிறவர்களுக்கு ஒரு சின்ன பாஷைப் பாடம். கடைக்காரர் ‘மல்லி’ என்று கூப்பிட்டால் கொத்தமல்லி விற்கிறார் என்று நினைக்க வேண்டாம். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. நீங்கள் பதிலுக்கு ‘அய்யா’ என்றால் அவர் அண்ணன் ஆகிவிடுவார், ரொம்ப சந்தோஷப்படுவார். பக்கத்தில் ஒருவர் ‘எப்பா!’ என்றால் ஆச்சரியப்படவில்லை, வேண்டாம் என்கிறார். ‘கீயத?’ என்றால் என்ன விலை. இந்தக் கடைசி வார்த்தையைச் சாப்பிடுவதற்கு முன்னால் உபயோகிப்பது நல்லது. ‘மச்சான்’ மட்டும் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் பொது!

இறால் வடை எப்படி இருக்கும்? நம்ம மசால் வடையைத் தட்டையாக்கி, உள்ளங்கை அகலத்துக்கு விரித்து, அதன்மேல் முழு இறாலைத் தலை, மீசை, ஓடு சகிதம் பதித்து எண்ணெயில் விட்டால் அதுதான். சிங்களத்தில் இஸ்ஸோ வடே. நறுக்கிய வெங்காயம் தக்காளியைத் தூவி, மிளகாய்ச் சாறு ஊற்றி ஒரு பேப்பரில் வைத்துத் தருகிறார்கள். முதல் கடியில் ஓடு மொறுக்கும், ரெண்டாவதில் பருப்பு, மூன்றாவதில் காரம் மூக்கைப் பிடிக்கும். தூத்துக்குடிக்காரனுக்கு இதில் ஒரு சின்ன வயிற்றெரிச்சலும் உண்டு. எங்கள் ஊர் நல்ல இறாலெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி அமெரிக்காவும் ஜப்பானும் போய்விடுகிறது. இங்கே இறால் வடைமேல் உட்கார்ந்துகொண்டு வருகிறவனைப் பார்த்து மீசையை ஆட்டுகிறது!

பக்கத்து வண்டியில் ‘டக்கடக்க டக்கடக்க’ என்று கொத்து ரொட்டி. அந்தத் தாளத்தைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தூத்துக்குடி என்று சொல்லிவிடுவேன். அடுத்த வண்டியில் அச்சாறு. மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா எல்லாவற்றிலும் உப்பு, மிளகாய்த்தூள். நாக்கு ஆறவேண்டுமென்றால் தம்பிலி என்கிற செவ்விளநீர்.

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்

நான் நின்ற வண்டிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பு முஸ்லிம். அங்கே மூத்தவர்களை நானா என்று கூப்பிட வேண்டும். காயல்பட்டினத்தில் காக்கா என்போமே, அதே மரியாதை.

வடையைவிட என் கண் அவருடைய விலைப் பலகையில்தான் நின்றது. ஒவ்வொரு விலைக்கு மேலேயும் ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரத்தில் இன்னொரு ஸ்டிக்கரின் நுனி. அதற்கும் அடியில் இன்னொன்று. தடவிப் பார்த்தால் விலை மேடாகக் கையில் தட்டுப்பட்டது!

‘‘என்ன நானா, இத்தனை ஒட்டியிருக்கீங்க?’’

‘‘தம்பி எந்த ஊர்?’’

‘‘தூத்துக்குடி.’’

‘‘ஆ... அரிசிக் கப்பல் வந்த ஊர்!’’ என்றவர், கரண்டியால் எண்ணெயை ஒரு தட்டு தட்டினார். ‘‘அந்த வருஷம் ஒட்டினதுதான் அடியில இருக்கிறதெல்லாம். ஒரு மாசத்துக்கு ஒண்ணு.’’

அந்த வருஷம் என்றால் 2022. வருஷத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் இருந்தது. மே மாதத்துக்குள் 360. ஏப்ரல் 12-ம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. காரணம் ஒன்றிரண்டு இல்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பிலும் பிறகு கோவிட்டிலும் டூரிஸ்ட் வருமானம் போயிற்று. 2018-ல் 23 லட்சத்துக்கு மேல் வந்த டூரிஸ்ட்டுகள் 2021-ல் 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2019 கடைசியில் வரியைத் தாராளமாகக் குறைத்தார்கள். 2021-ல் ரசாயன உரத்துக்குத் திடீர் தடை போட்டு, விளைச்சல் படுத்துக்கொண்டது. இத்தனைக்கும் மேல் கழுத்தளவு கடன்.

‘‘கேஸ் இல்ல தம்பி. சிலிண்டரைத் தூக்கிட்டு லைன்ல நின்டு நின்டு கால் வீங்கிட்டு. மண்ணெண்ணெய் இல்ல. பொரிக்கிறதுக்கு எண்ணெய் இல்ல. விலையைக் கூட்டினா ஆக்கள் வரமாட்டாங்க. இறாலைக் குறைச்சா ஏசுவாங்க. கடைசியில வண்டியைத் துணி போட்டு மூடிட்டு வீட்டுல இருந்தோம்.’’

‘ஏசுவாங்க’ என்று கேட்டதும் எங்கள் அம்மாவே பேசுகிற மாதிரி இருந்தது. திட்டுவதற்கு எங்கள் பக்கமும் அதே வார்த்தைதான்.

2022 ஏப்ரல் 9-ம் தேதி முதல் இதே காலிமுகத்திடலில் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். நூலகம் வைத்தார்கள், பொதுச் சமையலறை வைத்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டே போய் ராஜினாமா செய்தார். நானா சொன்ன அரிசிக் கப்பலும் அந்தச் சமயத்தில் போனதுதான். தமிழ்நாடு கொடுத்த அரிசி, பால்பவுடர், மருந்தை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது. அடுத்தது ஜூனில் எங்கள் துறைமுகத்திலிருந்து.

இந்த இடத்தில் நானா உணர்ச்சிவசப்பட்டு, ‘தூத்துக்குடிப் பிள்ளைக்கு வடை இனாம்’ என்று சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். சொல்லவில்லை. நயா பைசா குறைக்காமல் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. திரும்பவும் தொழில் நடக்கிறது என்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

வடையைப் பிரித்தால்...

புல்தரையில் உட்கார்ந்து ரெண்டாவது வடையைப் பிரித்தேன். சாப்பிட இல்லை, கணக்குப் போட.

பருப்பு: ஆஸ்திரேலியா, கனடா. டாலர் வேண்டும். வெங்காயம்: பெரும்பாலும் நம்ம ஊர், கொஞ்சம் பாகிஸ்தான். அதற்கும் டாலர். நம்ம அரசாங்கம் 2023 டிசம்பரிலிருந்து 2024 மே வரை வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நாசிக்கில் மூட்டை நின்றதும் கொழும்பில் விலை ஏறியது. கேஸ்: கப்பலில் வருவது, டாலர். கேஸை வண்டி வரைக்கும் கொண்டுவரும் லாரிக்கு டீசல், அதுவும் டாலர். மடித்துத் தருகிற பேப்பர்கூட அப்படித்தான். 2022 மார்ச்சில் பேப்பர் தட்டுப்பாட்டால் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். என் வடை இருந்த பேப்பரில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கு இருந்தது. நல்ல கையெழுத்து.

மிச்சம்? இறால், உப்பு, கடல் காற்று, நானாவின் உழைப்பு. இதுமட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு. டாலர் தீர்ந்தால் நாட்டில் முதலில் அணைவது வடைச் சட்டிக்கு அடியில் இருக்கும் அடுப்பு. பட்ஜெட் உரையை மூன்று மணி நேரம் கேட்டுப் புரியாதது எனக்கு ஒரு வடையில் புரிந்தது.

95 ஏறி 10 இறங்கினால்?

இங்கேதான் ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பேப்பரில் ‘பணவீக்கம் குறைந்தது’ என்று படித்ததும் விலை குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பேங்கில் வேலை பார்க்கிற என் சிநேகிதன் ஒருவனே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்!

2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் பார்த்தால் 94.9. அதாவது ஒரு வருஷத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய மளிகை, இப்போது 195. பிறகு 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த ஜூலையிலேயே பணவீக்கம் 6.3-க்கு வந்தது. 2024 செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே. தலைப்புச் செய்தி பிரமாதம்!

ஆனால் 6 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்? 195-க்கு வந்த சாமான் இன்னும் ஏறுகிறது, மெதுவாக ஏறுகிறது; அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழே 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 195-ல் சுமார் 10 ரூபாய் இறங்கும். ஏறியது 95, இறங்கியது 10. பழைய 100-க்கே வரவேண்டுமென்றால் விலை கிட்டத்தட்ட பாதியாக வேண்டும். அப்படி எந்த நாட்டிலும் சாதாரணமாக நடக்காது. விலை இறங்காது, சம்பளம்தான் ஏறி அதைப் பிடிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்காவது யூனியன் உண்டு, இன்கிரிமெண்ட் உண்டு. தள்ளுவண்டிக்காரருக்கு யார் இன்கிரிமெண்ட் போடுவது? அவரேதான் ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் கூட்டம் குறையும் என்ற பயத்தோடு ஒட்ட வேண்டும்.

‘‘இப்ப எப்படி நானா?’’ என்று கேட்டேன்.

‘‘ஆக்கள் வாறாங்க. மூணு வடை திண்ட வீட்டு ஆக்கள் இப்ப ரெண்டை வாங்கிப் பிச்சுத் திங்குறாங்க’’ என்றார். பொருளாதார அறிக்கை எதிலும் இந்த வரி வராது.

2024-ல் டூரிஸ்ட்டுகள் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அதில் முதலிடம் இந்தியர்கள். நாம் போனால் நம்ம ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு சுமார் மூன்றரை கிடைக்கிறது (நான் போனபோது). பர்ஸைத் திறந்தால் திடீரென்று ஜமீன்தார் ஆன மாதிரி இருக்கும். அந்த மயக்கத்தில் ஒரு வடைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நம்மவர்களையும் அங்கே பார்த்தேன். அந்தப் பத்து ரூபாய் நம்ம காசில் மூன்று ரூபாய்க்கும் குறைவு. முதலிலேயே விலையைக் கேளுங்கள், ஏமாறாதீர்கள், அது நியாயம். சரியான விலையைச் சொன்னபிறகு குறைக்கச் சொல்லாதீர்கள்.

இலங்கைக்காரன் கதைதானே, நமக்கென்ன என்று இருக்கிறதா? நாம் சமையலுக்கு ஊற்றுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. கேஸிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். 2022-ல் உக்ரைனில் சண்டை ஆரம்பித்ததும் சூரியகாந்தி எண்ணெய் என்ன ஆட்டம் போட்டது என்று உங்கள் வீட்டு அம்மாவைக் கேளுங்கள், தேதியோடு சொல்வார். நம்ம தேசம் பெரிது, கஜானாவில் டாலர் இருக்கிறது, அடி அவ்வளவு பலமாக விழாது. ஆனால் விழுகிற அடி முதலில் விழுவது எங்கே? ஆபீஸ் வாசலில், சட்டிக்கு எதிரே நிற்கும் அண்ணாச்சி மேல்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போகும்போது, ‘என்ன அண்ணாச்சி, வடை சைஸ் சின்னதாயிட்டே வருது?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். விலையைக் கூட்டுவதா, வடையைக் குறைப்பதா என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பட்ஜெட் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். அவருக்குக் கைதட்ட எந்த எம்.பி.யும் இல்லை.

குறைந்தபட்சம், சில்லறையாகக் கொடுங்கள்!